பர்மா அரிசியும் உலகச் சந்தையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு தேசத்தின் அரிசி ஏற்றுமதியைப் பற்றியது. "இஃது அரசாங்கத்தாரும் பொருளாதார நிபுணரும் ஆராயவேண்டிய விஷயமன்றோ? நம் சங்கத்தில் இதற்கென்ன இடம்?" என்று சிலர் எண்ணக்கூடும். நம் வட்டகைகளில் நிற்கும் பெரிய வீடுகளின் முகப்பை அவர்கள் சற்றே ஏறிட்டுப் பார்ப்பார்களாக. அங்குள்ள தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்பதைக் குழந்தையும் அறியும். ஆனால் அத்தூண்களை வாங்கிய பணம் பெரும்பாலும் தேக்கினால் வந்ததன்று, நெல்லினால் வந்தது. அந்தப் பணம் எவ்வாறு பெருகிற்று, எவ்வாறு கைவிட்டுப் போயிற்று என்பதை அறியவேண்டுமானால், அந்நாட்டின் அரிசி உலகச் சந்தைக்கு ஏறிய வழியையும் இறங்கிய வழியையும் அறிந்தேயாக வேண்டும்.

ஒரு நாட்டில் நெல் விளைவது வேறு. அந்த நெல் அரிசியாகி அயல்நாட்டான் உலையை அடைவது வேறு. இவ்விரண்டிற்கும் இடையே நெடுவழி ஒன்று கிடக்கிறது. அவ்வழியை இரண்டு நம்பிக்கைகளே தாங்கி நிற்கின்றன. "பாடுபட்டு விளைத்தால் தக்க விலை கிடைக்கும்" என்பது குடியானவனுடைய நம்பிக்கை. "வேண்டும்போது தவறாது வந்து சேரும்" என்பது வாங்குவோனுடைய நம்பிக்கை. இவற்றுள் ஒன்று முறிந்தாலும், எத்தனை வளமான பூமியும் பயன்படாது. இப்பொழுது மியான்மர் என வழங்கும் பர்மாவின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும்.

பர்மிய மன்னர் ஆட்சியில் அரிசியை வெளிநாட்டிற்கு அனுப்புதல் தடுக்கப்பட்டிருந்தது. நாட்டு மக்களுக்குக் குறைந்த விலையில் அரிசி கிடைக்கவேண்டும் என்பதே அத்தடையின் நோக்கம். 1852-ஆம் ஆண்டு யுத்தத்தில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று, தடையும் நீங்கிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபடியால், அங்குள்ள கரோலினா நாட்டு அரிசி ஐரோப்பாவிற்கு வருவது நின்றது. அக்குறையை நிரப்பப் பர்மா அரிசி கப்பலேறிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்படவே, ரங்கூனுக்கும் ஐரோப்பாவிற்கும் உள்ள தூரம் வெகுவாகக் குறைந்தது. நீராவியால் ஓடும் ஆலைகள் ரங்கூனிலும், பஸ்ஸீனிலும், மௌல்மேனிலும், அக்கியாபிலும் எழுந்தன.

இதன் விளைவு யாது? 1850-களில் கீழ்ப்பர்மாவில் நெல் விளைந்த நிலம் சுமார் 8 லட்சம் ஏக்கர். 1930-களில் அது சுமார் 87 லட்சம் ஏக்கராயிற்று. எண்பது ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல் பெருகிய இந்நிலம், முன்னே ஐராவதி நதியின் முகத்துவாரத்தில் காடும் சேறும் சதுப்புமாய்க் கிடந்ததேயாம். இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன்னர் ஆண்டொன்றுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி வெளியே சென்றது. உலகத்தில் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் பர்மாவே முதலிடம் பெற்றிருந்தது. அந்த அரிசியில் ஏறக்குறையப் பாதி இந்தியாவிற்கு வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும், மலேயா ரப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த நம் தமிழ்மக்கள் உண்டதில் ஒரு பெரும்பங்கு பர்மா அரிசியேயாகும்.

காட்டைக் கழனியாக்குவதற்கு உழைப்பு மட்டும் போதுமா? மரம் வெட்டக் கூலி வேண்டும். உழுவதற்கு மாடு வேண்டும். நடவாட்களுக்கு முன்பணம் வேண்டும். முதல் அறுவடை வரையில் குடும்பம் உண்ணச் சாப்பாடு வேண்டும். ஆங்கிலப் பாங்குகள் துறைமுகத்து வியாபாரிக்குக் கடன் கொடுத்தனவேயன்றிச் சேற்றில் நிற்கும் குடியானவனை ஏறிட்டும் பார்த்தில. அவனிடம் சென்றவர்கள் நம் முன்னோர்களே. கொண்டுவிற்கப் போன அவர்கள் ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கி வைத்ததோடு நில்லாமல், படகேறி டெல்டாவின் உட்கிராமங்கள் வரையில் சென்று லேவாதேவி நடத்தினார்கள். 1929–30-ல் பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டியார், பர்மாவில் நகரத்தார் ஈடுபடுத்தியிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என மதித்தனர். அதில் பெரும்பகுதி விவசாயத்தை நம்பி நின்றது.

நிற்க. வழியில் இத்தனை பேர் நடந்தபோதிலும், வாயிற்சாவி யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. விளைத்தவன் பர்மியன், பணம் கொடுத்தவன் நகரத்தான், அறுத்தவனும் மூட்டை சுமந்தவனும் பெரும்பாலும் தெலுங்கும் தமிழும் பேசிய கூலியாட்கள். ஆனால் பெரிய ஆலையும் கப்பலும் ஐரோப்பியக் கம்பெனிகளின் கையிலேயே இருந்தன. 1921-ல் நான்கு பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடிப் புல்லிங்கர் கூட்டு என்ற பெயரால் நெல்லை ஒரே முறையாக வாங்கலாயின. அறுவடைக் காலத்தில் குடியானவர் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்றாகவேண்டும். குத்தகையும் வரியும் கடனும் வாயிலில் வந்து நிற்கும். விற்போர் பல்லாயிரவராய்ச் சிதறி நிற்க, வாங்குவோர் சிலராய்க் கூடி நின்றால் விலை எப்பக்கம் சாயும் என்பதை வியாபாரம் அறிந்த நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

இந்நிலையில் 1930-ஆம் ஆண்டு உலகெங்கும் விலை வீழ்ச்சி ஏற்பட்டது. நெல்விலை சில மாதங்களுக்குள் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. விலை பாதியானால் கடனும் பாதியாகுமா? ஆகாது. நூறு கூடை நெல்லை விற்று அடைக்கவேண்டிய கடனுக்கு இருநூறு கூடை வேண்டியதாயிற்று. அடைக்க இயலாதவர்களின் அடமான நிலம் கடன் கொடுத்தவரிடம் வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் வசம் இருந்தது; 1938-க்குள் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று.

இதனை நம்மவருள் சிலர் பெருமையாகவும், பிறருள் சிலர் பேராசையாகவும் கூறுவதுண்டு. இரண்டும் பொருந்தா. லேவாதேவிக்காரனுக்கு ஓடுகிற பணமே பணம். நிலமாய் உறைந்த பணம் காலை இழந்த குதிரை. நம் முன்னோர் கேட்டது வட்டியும் முதலும். வந்தது சேற்று நிலம். அதே சமயத்தில், காடு திருத்திக் கழனி செய்தவன் தன் கழனியிலேயே குத்தகைக்காரனாய் நின்ற துயரத்தையும் நாம் உணரவேண்டும். விலையை வீழ்த்திய உலகச் சந்தை அவன் கண்ணுக்குத் தெரியாது. பேரேட்டுடன் எதிரே அமர்ந்திருப்பவனே தெரிவான். 1930 டிசம்பரில் சாயா சான் என்பவர் தலைமையில் குடியானவர் கலகம் மூண்டது. இந்தியர்மீது வெறுப்பும் வளர்ந்தது. முதல் நம்பிக்கையாகிய குடியானவன் நம்பிக்கை அன்றே முறிந்துவிட்டது. கட்டடம் அதன்பின்னும் சில காலம் நின்றதென்றால், அது சுவரின் பலத்தாலன்று, காற்று வீசாமையால்.

காற்றும் வீசிற்று. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு மலைவழியாய் அஸ்ஸாமை நோக்கி நடந்தனர். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். பர்மா அரிசி ஒரே நாளில் நின்றதுபோல் நின்றது. அதனை நம்பியிருந்த திருவாங்கூரில் மக்கள் மரவள்ளிக் கிழங்கை உண்டு நாளைக் கழித்தனர். 1943-ல் வங்காளத்தில் ஏற்பட்ட பெரும்பஞ்சத்திற்குப் பர்மா அரிசி வாராமை ஒரு காரணம். யுத்தகால அரசாங்கத்தின் பராமுகமும் பதுக்கலும் விலையேற்றமும் ஏனைய காரணங்கள். அப்பஞ்சத்தில் மாண்டவர் தொகையை 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரையில் மதிக்கிறார்கள். ஒரு தேசத்தின் ஏற்றுமதி வாயில் அடைபட்டால் மற்றொரு தேசத்தின் உலை அவிந்துபோகும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

1948 ஜனவரி 4-ந் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே நிலங்களைத் தேசவுடைமையாக்கும் சட்டமும் பிறந்தது. நம்மவர் நிலங்களுக்குத் தக்க ஈடு கிடைக்கவில்லை. ஆயினும் நம் நஷ்டத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அதன்பின் நடந்த பெரிய பாடத்தைக் காணமாட்டோம்.

அந்நியக் கம்பெனிகளிடமிருந்து பறித்த வாயிற்சாவியைப் பர்மிய அரசாங்கம் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டது. அரிசி ஏற்றுமதி முழுவதும் அரசாங்க விவசாய விற்பனை வாரியத்தின் உரிமையாயிற்று. 1950-ல் கொரியா யுத்தம் மூளவே உலக விலை மிக உயர்ந்தது. வாரியத்தார் குடியானவனுக்குக் குறைந்த விலையை நிலையாக வைத்து, வெளிநாட்டில் உயர்ந்த விலைக்கு விற்று, இடைப்பட்ட லாபத்தை அரசாங்க வருவாயாக்கினர். கம்பெனி எடுத்ததை இப்பொழுது அரசு எடுத்தது. குடியானவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

வாங்குவோர் என்ன செய்தனர்? இலங்கை உயர்ந்த விலை கொடுத்துச் சலித்து, 1952 டிசம்பரில் சீனாவோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது: ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பரைக் கொடுத்து 2,70,000 டன் அரிசியைப் பெறுவது என்பது அதன் சாரம். கொரியா யுத்தம் ஓய்ந்தது, விலை இறங்கிற்று, பர்மாவின் கிடங்குகளில் அரிசி தேங்கி மக்கலாயிற்று. அப்பொழுது ரஷியாவும் அதனைச் சார்ந்த நாடுகளும் பணத்திற்குப் பதிலாகப் பண்டம் தருவதாகக் கூறி அரிசியைப் பெற்றன. அப்பண்டமாற்றில் வந்த சிமெண்டு ரங்கூன் துறைமுகத்தில் வேண்டியதற்கு மேல் குவிந்து மழைக்காலத்தில் பெருந்தொல்லையாயிற்று. அரிசியைக் கொடுத்துவிட்டு வேண்டாத சிமெண்டை வைத்துக்கொண்டு நிற்பது எத்தகைய வியாபாரம் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

1962 மார்ச் 2-ந் தேதி நே வின் என்னும் தளபதி ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இரண்டாண்டுகளில் பாங்குகளும், கடைகளும், மொத்த வியாபாரமும் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெறுங்கையோடு தாயகம் திரும்பினர். சென்னைப் பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அவர்கள் வந்த சுவடுகளேயாம். விளைவில் குறித்த அளவைக் குறித்த விலைக்கு அரசிடம் ஒப்புவிக்கவேண்டும் என்று குடியானவனுக்கு ஆணை பிறந்தது. நல்ல நெல்லுக்கும் மட்டமான நெல்லுக்கும் ஏறக்குறைய ஒரே விலையென்றால் எவன் நல்ல நெல்லைக் கொடுப்பான்? தரம் கெட்டது, குருணை மிகுந்தது, உலகச் சந்தையில் பர்மா அரிசியின் மதிப்புத் தாழ்ந்தது. 1967-ல் நாட்டிலேயே அரிசி கிடையாமல் அக்கியாப் நகரில் கலகம் நிகழ்ந்தது. முன்னே உலகிற்கு அரிசி அளந்த துறைமுகங்களில் அதுவும் ஒன்றென்பதை நினைவுகூருங்கள். இறுதியில் 1987 டிசம்பரில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் வரிசையில் பர்மாவை ஐக்கிய நாடுகள் சபை சேர்த்தது. அரிசியில் முதலிடம் பெற்ற நாடு ஐம்பதே ஆண்டுகளில் வறுமையில் இடம்பெற்றது. பூமி மாறவில்லை, மழை மாறவில்லை, ஐராவதி வற்றவில்லை. முறிந்தவை இரண்டு நம்பிக்கைகளே.

இதற்கு மாறாக வியட்நாமைப் பாருங்கள். நெடிய யுத்தத்தால் சிதைந்து, அரிசியை இறக்குமதி செய்துவந்த அந்நாடு, 1986-ல் கொள்கையை மாற்றி, விளைவின் பயனைக் குடியானவனுக்கே விட்டது. 1989-லேயே சுமார் 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. குடியானவனுக்கு நம்பிக்கை பிறந்தால் எத்தனை விரைவில் களஞ்சியம் நிறையும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

பர்மாவும் பிற்காலத்தில் எழுந்திருக்க முயன்றது. 2003-ல் அரிசி வியாபாரத்திற்கு வாயில் திறந்தனர். உள்நாட்டு விலை ஏறவே 2004-ல் ஏற்றுமதியை நிறுத்தினர். 2008 மே மாதத்தில் நர்கீஸ் புயல் டெல்டாவை அழித்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் பலிகொண்டது. 2011-க்குப் பின் சீர்திருத்தம் வந்தது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம், பின்தங்கிய நாடுகளுக்கு அளிக்கும் தீர்வையில்லாச் சலுகையை மீண்டும் அளித்தது. வறுமையின் அடையாளமாகிய அந்தப் பட்டமே ஒரு வாயிலைத் திறந்தது! 2017–18-ல் ஏற்றுமதி 35 லட்சம் டன்னை எட்டிற்று.

ஆனால் பிறர் திறந்த வாயிலைப் பிறரே அடைக்கவும் வல்லர் அல்லரோ? இத்தாலி தேசத்து நெல் விவசாயிகள் முறையிடவே, 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் பர்மா, கம்போடியா நாடுகளின் நீள்மணி அரிசிக்குத் தீர்வை விதித்தது: முதலாண்டில் டன்னுக்கு 175 யூரோ, இரண்டாமாண்டில் 150, மூன்றாமாண்டில் 125. சீன எல்லையில் மூசே என்னும் ஊர்வழியாகச் சென்ற அரிசியோ, அப்பக்கத்து அதிகாரிகள் கண்டும் காணாமல் இருக்கும்வரையில் சென்றது. கடுமை காட்டியபோது வண்டிகள் வரிசையாய் நின்றன.

நாமும் இவ்வாறு வாயில் அடைத்தவர்களே. தானியமன்றேனும் ஓர் உதாரணம் சொல்வோம். நம் வீட்டு இட்லிக்கு ஊறும் உளுந்தில், அயல்நாட்டிலிருந்து வருவதன் பெரும்பங்கு பர்மாவினுடையது. 2017 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் பருப்பு வகைகளின் இறக்குமதிக்கு வரம்பு கட்டவே, நம்மை நம்பி உளுந்தும் துவரையும் விதைத்த பர்மியக் குடியானவர் விலை வீழ்ந்து வருந்தினர். 2021 பிப்ரவரியில் மீண்டும் இராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டு முதல், ஏற்றுமதியாளர் பெறும் டாலரை அரசு குறித்த விலைக்கே மாற்றவேண்டும் என விதி செய்தனர். வெளிச்சந்தை விலையோ அதனினும் மிக உயர்ந்து நின்றது. இடைப்பட்ட நஷ்டம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் நெல் விற்பவன் தலையிலேயே வந்து விழும். விற்பனை வாரியத்தின் பழைய கதை வேறு உடையணிந்து வந்தது, அவ்வளவே.

இனி, நம் தேசத்தைப் பற்றிச் சிறிது. முன்னே பர்மா இருந்த முதலிடத்தில் இன்று இந்தியா இருக்கிறது. 2022-ல் உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு நம்முடையது. 2023 ஜூலை 20-ந் தேதி பாஸ்மதியல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை அரசாங்கம் தடுத்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு நூற்றுக்கு 20 வீதம் தீர்வை விதித்தது. 2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இவை நீங்கின. சொந்த மக்களுக்கு அரிசி விலை ஏறாமல் காப்பது அரசாங்கத்தின் கடமை என்பதை மறுப்பாரில்லை. பர்மிய மன்னரும் அதனையே எண்ணினர். ஆயினும் ஓரிரவில் பிறக்கும் ஆணை, கடலில் போகும் கப்பலையும், பேசி முடித்த விலையையும், விதைத்துவிட்ட குடியானவனையும் ஒருங்கே திகைக்கவைக்கிறது. முன்னறிவிப்புக் கொடுத்து, எழுதிய ஒப்பந்தங்களை நிறைவேற்ற இடமளித்து, பின்னரே வாயிலைச் சாத்துதல் முறையாகும். முதலிடம் எவர்க்கும் பட்டா செய்து கொடுத்ததன்று.

நம் இளைஞர்களுட் பலர் இன்று அரிசி ஆலையிலும், ஏற்றுமதியிலும், சிங்கப்பூர் மலேசிய வியாபாரத்திலும் முதலிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாம் கூறுவது மூன்று. ஒரே நாட்டை, ஒரே வாங்குவோனை நம்பி முழு முதலையும் வைக்கற்க. 75 கோடியும் ஒரே நதியின் முகத்துவாரத்தில் இருந்ததை மறவற்க. தரத்திற்குத் தக்க விலையை விளைத்தவனுக்குக் கொடுங்கள். ஈரம் குறைந்த, கலப்பில்லாத நெல்லுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுப்பவனிடமே அடுத்த பருவமும் நல்ல நெல் வரும். அயல்நாட்டில் தொழில் செய்யுங்கால், அந்நாட்டார் நம் லாபத்தில் தமக்கும் ஒரு பங்குண்டென்று உணரும்படி செய்யுங்கள். அவ்வுணர்ச்சியைவிடப் பெரிய ஈட்டுப் பத்திரம் வேறில்லை.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் பலர் வீட்டு மேல்மாடியிலும் பெட்டகத்திலும் பர்மாக் கணக்குகள் கிடக்கின்றன. கறையான் அரித்தவை போக எஞ்சியவற்றில், எந்தப் பருவத்தில் என்ன விலை, எவனுக்கு எவ்வளவு கடன், எப்பொழுது வசூல், எப்பொழுது நிலுவை என்பன யாவும் நம் முன்னோர் கையெழுத்திலேயே இருக்கின்றன. போன சொத்தைத் திரும்பக் கேட்பதற்கான பத்திரங்கள் அல்ல அவை. இனி வரும் சொத்தைக் காப்பதற்கான பாடங்கள். பேரேடுகளையும் வட்டிச் சிட்டைகளையும் கடிதங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, படியெடுத்து, இளைஞர் படிக்கும்படி செய்யச் சங்கம் இவ்வாண்டிலேயே முன்வரவேண்டும். தம் வீட்டிலுள்ளவற்றை எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு குடும்பத்தாரும் இசையவேண்டும்.